காப்பி விற்பனைச் சீர்திருத்தமும் தன்திருத்தப் பயிற்சியும்

ஆங்கிலம் பயிலும் மாணவன் ஒருவன் கட்டுரை எழுதி ஆசிரியரிடம் அளிக்கிறான். ஓராண்டு கழிந்த பின்னர், பிழை எதுவும் சுட்டப்படாமல், வகுப்பு முழுமைக்கும் உரிய சராசரி மதிப்பெண் மட்டும் அவனுக்குத் தெரிவிக்கப்படுமாயின், அவன் தன் பிழையைத் திருத்திக்கொள்ள இயலுமா? இயலாது. தன் பிழையைத் தானே கண்டு திருத்துவதற்கு இரண்டு வேண்டும்: முடிவு காலத்தில் தெரியவேண்டும், அம்முடிவு தன் உழைப்புக்கே உரியதாகவும் இருக்கவேண்டும். மொழிப் பயிற்சிக்குரிய இவ்வுண்மை விளைபொருள் விற்பனைக்கும் பொருந்தும். இந்தியக் காப்பி விற்பனையில் 1992 முதல் 1996 வரை நிகழ்ந்த மாறுதல் இதற்குத் தக்க சான்றாகும்.

பொதுத் தொகுப்பு

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டமையால் இந்தியக் காப்பி விலைபோகாது தேங்கியது. தோட்டக்காரர்களைக் காக்கும்பொருட்டு 1940இல் ஓர் அவசரச் சட்டமும், 1942இல் காப்பிச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பி வாரியம் விற்பனைப் பொறுப்பை ஏற்றது. வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் அனுமதிக்கப்பட்டது போக, எஞ்சிய விளைச்சல் முழுவதையும் 'பூல்' எனப்பட்ட பொதுத் தொகுப்பில் ஒப்படைத்தல் வேண்டும். வாரியம் அதனை ஏலத்தில் விற்று, செலவுகளைக் கழித்து, வகைக்கும் தரத்திற்கும் ஏற்ற புள்ளிகளின்படி பணத்தைத் தவணைகளில் வழங்கிற்று.

இம்முறையின் நன்மை சிறிதன்று. நான்கு மூட்டை விளைவித்தவருக்கும் நானூறு மூட்டை விளைவித்தவருக்கும் விற்பனை உறுதியாயிற்று. விலை வீழ்ச்சியின் சுமை பலர்மீதும் பரவிற்று. ஆயினும் ஒரு குறை இருந்தது. தொகுப்பில் சேர்ந்த காப்பி தன் தோட்டத்தின் பெயரை இழந்தது. தரம்பிரிப்பில் ஓரளவு வேறுபாடு காட்டப்பட்டபோதிலும், பழுத்த பழத்தை மட்டும் பறித்துச் செம்மையாக உலர்த்திய ஒருவரின் தனித்திறம் சராசரியில் கரைந்தது. இறுதித் தவணையோ நெடுநாள் கழித்தே வந்தது. பிழை செய்தவர் அதனை அறியவில்லை. நன்கு செய்தவரும் அறியவில்லை.

மாறுதலின் படிகள்

1962ஆம் ஆண்டின் சர்வதேசக் காப்பி உடன்படிக்கையை ஒட்டி நிலவிய ஏற்றுமதிப் பங்கீடு 1989 ஜூலையில் நிறுத்தப்பட்டது. உலக விலை சரிந்தது. பெருமளவில் வாங்கிவந்த சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது. இந்நிலையில் சீர்திருத்தம் படிப்படியாக வந்தது. 1992–93 பருவத்தில் விளைச்சலின் 30 சதவீதத்தை உள்நாட்டில் நேரே விற்க உரிமை வழங்கப்பட்டது. அடுத்த பருவத்தில் தடையற்ற விற்பனைப் பங்கு 50 சதவீதமாயிற்று. அதன்பின் சிறு தோட்டக்காரர்கள் முழு உரிமை பெற்றனர். 1996இல் அவ்வுரிமை அனைவருக்கும் கிட்டியது. ஆராய்ச்சியும் விரிவாக்கமும் சந்தை வளர்ச்சியும் வாரியத்தின் பணிகளாக நீடித்தன.

1994இல் பிரேசில் நாட்டுத் தோட்டங்களைப் பனி தாக்கியமையால் உலக விலை ஏறிற்று. தாமே விற்றவர்கள் அதன் பயனை உடனே பெற்றனர். ஆனால் புதிய நூற்றாண்டின் முதலாண்டுகளில், வியட்நாம் போன்ற நாடுகளில் உற்பத்தி பெருகியதால் விலை பெரிதும் வீழ்ந்தபோது, அச்சுமையையும் தனித்தனியாகவே தாங்கினர். உரிமையோடு இடர்ப்பாடும் கைமாறியது என்பதை மறத்தலாகாது. இந்தியக் காப்பித் தோட்டங்களுள் மிகப் பெரும்பான்மையானவை 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு தோட்டங்களே. அவற்றின் உடைமையாளர் பலர் வாசலுக்கு வரும் வணிகரிடமே சரக்கை விற்கின்றனர்.

களத்தில் பயிற்சி

வாசலில் நிகழும் விற்பனையில் இழப்பு பெரும்பாலும் அளவை அறியாமையால் நேர்கிறது. பழத்தைத் தோலோடு உலர்த்திய செர்ரிக் காப்பி 50 கிலோ மூட்டையில் எவ்வளவு பருப்பு தேறும் என்பதே விலையின் அடிப்படை. வணிகர் 24 கிலோ தேறும் எனக் கணித்து, உண்மையில் 26 கிலோ தேறுமாயின், 100 மூட்டையில் 200 கிலோ பருப்பின் விலை தோட்டக்காரருக்குக் கிட்டாது போகிறது.

இதனை அறியும் வழி எளிது. பல மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, 1 கிலோவை நிறுத்துத் தோல் நீக்குதல் வேண்டும். 520 கிராம் பருப்பு கிடைத்தால், மூட்டைக்கு 26 கிலோ என்பது கணக்கு.

இங்குக் களப்பணியாளர் விடையைத் தாமே கூறிவிடுதல் கூடாது. நல்லாசிரியர் பிழையுள்ள வரியின்கீழ்க் கோடிட்டு, திருத்தத்தை மாணவனிடமே விடுவதுபோல, முதலில் தோட்டக்காரரின் மதிப்பீட்டைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதச் செய்க. பின்னர் அவரே நிறுக்கட்டும், வேறுபாட்டை எழுதட்டும், காரணத்தையும் ஆராயட்டும். காய் கலந்த பறிப்பா, காய்துளைப்பான் வண்டின் சேதமா, உலர்த்தலில் குறையா என்பது வெளிப்படும். பதனிடும் ஆலைக்கு அனுப்பினால், அங்குக் கிடைக்கும் கணக்கையும் அருகில் எழுதி ஒப்பிடுக.

பள்ளி ஆசிரியருக்கும் இதில் கணக்குப் பாடம் உண்டு. பழத்தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய பார்ச்மென்ட் காப்பியில் ஈரம் 10 சதவீதம் இருத்தல் முறை. அத்தகைய 50 கிலோவில் உலர்பொருள் 45 கிலோ. ஈரம் 8 சதவீதமாகும்வரை காயவைத்தால் எடை எவ்வளவாகும்? 45ஐ 0.92ஆல் வகுத்தால் ஏறத்தாழ 48.9 கிலோ வரும். மூட்டைக்கு 1 கிலோவுக்கு மேல் வெயிலுக்கே கொடுத்தாயிற்று. போதிய அளவு உலர்த்தாவிடினோ பூசணம் பிடித்துத் தரம் கெடும்.

சட்டம் திருந்தியதால் மட்டும் விற்பவர் வல்லவராகிவிடுவதில்லை. முடிவை அவரவருக்கு உடனே காட்டும் வாய்ப்பைச் சீர்திருத்தம் அளித்தது. அதனைப் படித்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தைக் களப்பணியாளரும் ஆசிரியருமே ஊட்டவேண்டும். ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் அதற்குப் போதிய தொடக்கமாகும்.