இருபது லிட்டரில் ஒரு கடல்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், நீமோ மீனும் பவளமும் வளர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். 20 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. "சின்னத் தொட்டிதானே சார், சுலபம்" என்கிறார் கடைக்காரர். மெரினாவில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து ஊற்றலாமா? இல்லை, கல் உப்பைக் கரைத்தாலே போதுமா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: கடைக்காரர் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர்த் தொட்டியில் சிறியதுதான் கஷ்டம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் வற்றினால் அது 35.2 ஆகும், மீனுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் தொட்டியில் அதே ஒரு லிட்டர் போனால் 36.8. ஃபேன் ஓடும் அறையில், சித்திரை மாதத்தில், அதற்கு இரண்டு மூன்று நாள் போதும்.

நானும் இதில் அடி வாங்கியவன்தான். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனபோது, "தண்ணி குறைஞ்சா இந்த கேன்ல இருந்து ஊத்துங்கக்கா" என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே இருந்தது இரண்டு கேன். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் வாராந்திர மாற்றத்துக்குக் கலந்து வைத்த உப்புத் தண்ணீர். எதிலும் பெயர் எழுதவில்லை. அக்கா அக்கறையாக நாள் தவறாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இறால் மல்லாந்து கிடந்தது. இப்போது கேனில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறேன். தொட்டியின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடும் உண்டு. நீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

மெரினா தண்ணீர் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. கல் உப்பும் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். நடுவில் வாருவதுதான் நம் சமையலுப்பு. பவளம் கூடு கட்டக் கேட்பதோ அந்த இரண்டையும்தான். தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். சின்னத் தொட்டியின் ஒரே லாபம் இங்கேதான்: வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்ற ஒரு கைப்பிடி உப்பு போதும்.

அடுத்தது வெயில். நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் நம் வீட்டுக்குள்ளேயே 33 இருக்கும். நீர்மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் புழுக்கமான நாளில் நமக்கு வியர்வை காயாதது போல, அன்றைக்கு அதுவும் வேலை செய்யாது. ஏ.சி. அறையோ, நீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லையென்றால் பவள ஆசையை விட்டுவிடுங்கள்.

பவள விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. கல் போல் வளரும் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடும் யானையோடும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ஐச் சுற்றியுள்ள பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தோம். மிச்சமிருப்பதைத்தான் தேசியப் பூங்காவாகக் காக்கிறோம். ராமேஸ்வரம் போனால் கரையில் கிடக்கும் செத்த துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். தொட்டிக்குச் செயற்கைப் பாறை போதும். ஓட்டைகள் நிறைய உள்ளதாகப் பாருங்கள், நுண்ணுயிர் குடியேறுவது அதில்தான்.

அந்த நுண்ணுயிர் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் கழிவில் வரும் அமோனியாவை அவைதான் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வெறும் பாறையும் நீரும் ஓடட்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வாருங்கள். டெஸ்ட் கிட்டில் அமோனியா ஏறி, இறங்கி, நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகுதான் மீன். "ஒரு மீனை விட்டுப் பாருங்க, தாங்குதான்னு தெரியும்" என்று கடையில் யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

பழைய 20 லிட்டர் தொட்டியில் நல்ல தண்ணீரில் வளரும் கப்பி மீன் விடுங்கள். நீமோவுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி வாங்குங்கள். சுமார் 54 லிட்டர் பிடிக்கும். பண்ணையில் பிறந்த நீமோவாகக் கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட நன்றாகத் தீவனம் எடுக்கும், கடலில் அது அடைக்கலம் தேடும் கடல் சாமந்தி இல்லாமலே வாழும். இரண்டு மீன் போதும். மூன்றாவதை மகன் எவ்வளவு கெஞ்சினாலும் விடாதீர்கள்.