லாரி வந்ததை எழுத கிளவுட் எதற்கு?

கேள்வி: ஒரகடம் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி எங்களுடையது. கேட் பாஸ் பதிவுக்கு ஜாங்கோவில் ஒரு செயலி எழுதினேன். என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, ஸ்டோர்ஸில் திறக்கவில்லை. கிளவுட் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜாங்கோவின் சோதனை சர்வர் தானாக 127.0.0.1 முகவரியில்தான் ஓடும். அது அந்தக் கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாது. 0.0.0.0:8000 என்று கொடுத்து ஓட்டுங்கள். செட்டிங்ஸில் 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் கம்ப்யூட்டரின் உள் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் ஃபயர்வாலில் 8000 போர்ட்டை பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் இந்த ஃபயர்வால்தான் வில்லன்!

உள் முகவரி 192.168 என்று தொடங்கலாம். 1996-லேயே உள் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்ட வரிசைகளில் அதுவும் ஒன்று. இணையத்தில் அதற்கு வழியே கிடையாது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் முகவரி மாறக்கூடும் என்பதால், ரவுட்டரிலேயே அதை அந்தக் கம்ப்யூட்டருக்கு ரிசர்வ் செய்துவிடுங்கள். முதலாளி வீட்டிலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டாம், வி.பி.என். போடுங்கள்.

தினசரி உபயோகத்துக்கு வந்ததும் சோதனை சர்வரை விட்டு வெயிட்ரஸ் என்ற சர்வருக்கு மாறுங்கள். பதிவுகள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது வெறுமனே காப்பி எடுக்காதீர்கள், பிரதி பழுதாகலாம். அதன் பேக்கப் கட்டளையால் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் வையுங்கள்.