பழைய வாக்கரவுண்ட் வாங்கப்போகும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

ராலேயிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. 24 அடி வாக்கரவுண்ட் படகு, 1988 மாடல், பின்னால் இரண்டு அவுட்போர்ட் மோட்டார், ட்ரெய்லரோடு சேர்த்து 16,000 டாலர். ஓரிகன் இன்லெட் கடல்வாய் வழியாக கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வரை போய்ச் சூரை பிடிக்க வேண்டும், பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும் என்கிறீர்கள். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, என்ன ஜிபிஎஸ், எத்தனை தூண்டில் தாங்கிகள் என்று எல்லாம் விவரமாக இருக்கிறது. டிரான்ஸம் பற்றி ஒரு வரி இல்லை. இப்படிப் பழைய படகு வாங்கலாமா என்ற இதே கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், உங்கள் ஆசையில் தவறில்லை. கடல்மீன் பிடிக்கப் போகிறவர்கள் இன்று நடுவில் ஸ்டீயரிங் வைத்த திறந்த படகான சென்டர் கன்சோல்தான் வேண்டும் என்கிறார்கள். அதனால் வாக்கரவுண்டுக்கு மவுசு குறைந்து விலையும் இறங்கிவிட்டது. புதிதாக இந்த அளவில் கேபின் வைத்த படகு வாங்கப் போனால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். முன்னால் இரண்டு பேர் படுக்கிற கேபின், அதன் இரு பக்கமும் இடுப்பைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்தபடி அணியம் வரை நடந்து போகிற வழி, பின்னால் மீன் பிடிக்க இடம். குடும்பத்தோடு போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பது என் எண்ணம். பகல் ஒரு மணி வெயிலில், கரையிலிருந்து முப்பது மைல் தள்ளி, ஒரு குழந்தைக்கு வாந்தி வரும்போது அந்தச் சின்னக் கேபினின் அருமை தெரியும்.

அடிப்பாகமும் நல்ல பரம்பரை. படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகத்தை வரைந்தார். அந்த வடிவில் கட்டிய ‘மாப்பி’ என்ற 31 அடிப் படகு 1960-இல் மயாமி–நசாவ் பந்தயத்தில் கொந்தளித்த கடலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது. அதன்பிறகு கடலுக்குப் போகிற சிறு படகுகளின் உருவமே மாறிவிட்டது. உங்கள் ஊருக்குக் கிழக்கே, கிரீன்வில்லில் இருக்கும் கிரேடி-ஒயிட் நிறுவனமும் ஹன்ட்டின் நிறுவனத்தைக் கொண்டே தன் படகுகளுக்கு அடிப்பாகம் வரைய வைத்தது. இந்த வடிவம் முப்பது நாற்பது வருடத்தில் பழசாகிவிடுவதில்லை. பழசாவது உள்ளே இருக்கும் மரம்.

மோட்டார்கள் தொங்குகிற பின்சுவர்தான் டிரான்ஸம். அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலானவற்றில் அது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ப்ளைவுட் வைத்துச் செய்தது. யாரோ ஒருவர் ஆழம் காட்டும் கருவியின் சென்சாரைப் பொருத்த இரண்டு ஸ்க்ரூ அடித்து, சீலன்ட் சரியாக வைக்காமல் விட்டிருப்பார். அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே மரம் ஊறிப்போய்க் கிடக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் கொண்டுபோங்கள். மேலிருந்து கீழே, ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கும். காது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பிறகு மோட்டாரைப் பாதி தூக்கி வைத்து, அதன் அடிப்பகுதியில் உடம்பின் பாரத்தைக் கொடுத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்னொருவர் டிரான்ஸத்தின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். விளிம்பு அசைந்தாலோ மூலையில் விரிசல் வாய் திறந்தாலோ பேரம் வேறு மாதிரி பேச வேண்டும். விற்பவர் சம்மதித்தால் கீழே இருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் நிம்மதி. காப்பி நிறத்தில் தண்ணீர் கசிந்தால், தோலை வெட்டி, மரத்தைச் சுரண்டி எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். பல ஆயிரம் டாலர் வேலை. அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்களுக்கும் இதே சோதனைதான்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். அலுமினியம், டெக்குக்கு அடியில், பெரும்பாலும் ஃபோம் ஊற்றி இறுக்கியது. என் படகில் டெக்கை அறுத்து டேங்கை வெளியே எடுத்தபோது மேற்பக்கம் நேற்றுச் செய்ததுபோல இருந்தது. திருப்பிப் போட்டால், ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள், அவற்றைச் சுற்றி வெள்ளைப் பொடி. இன்னும் ஒழுகவில்லை, அவ்வளவுதான். மூடிய இடத்தில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆகவே முப்பது வருட டேங்கை மாற்றியே தீர வேண்டும் என்று கணக்கில் எழுதிவிடுங்கள், ஹோஸ்களையும் சேர்த்து. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஓர் அளவுக்குமேல் தண்ணீராக அடியில் பிரிந்து நிற்கும். குளிர்காலம் முழுக்க நிற்கும் படகில் இது கூடுதல் தலைவலி.

மோட்டாரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டிருந்தீர்கள். கம்ப்ரஷன் பாருங்கள், கடலில் ஓட்டிப் பாருங்கள், போதும். மோட்டார் கழற்றி மாற்றக்கூடிய பொருள். ஆனால் டூ-ஸ்ட்ரோக் காலத்தில் கட்டிய படகில் கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டை மாட்டினால் பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே வரும். யாராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால், படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பின்பக்கம் இரண்டு பேரை நிறுத்திப் பாருங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? உங்களிடம் 30,000 இருந்தால் 16,000-க்கு மேல் விலை கொடுக்காதீர்கள். மீதி உள்வேலைக்கு. தகுதிபெற்ற மரைன் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் கொடுக்கும் பழைய அறிக்கை வேண்டாம். இன்ஷூரன்ஸ்காரர்களும் பெரும்பாலும் புதிய சர்வே அறிக்கையைக் கேட்பார்கள். டிரான்ஸத்தின் வலது மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து எண்ணையும் பாருங்கள். கடைசி நான்கு H788 என்றிருந்தால் 1987 ஆகஸ்ட், 1988 மாடல். பத்திரத்தோடு அது பொருந்த வேண்டும்.

இனி கடல். ஓரிகன் இன்லெட் 1846-இல் ஒரு புயல் திறந்துவிட்ட வாய். அன்றிலிருந்து மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் திட்டாக இருக்கும். பழைய ஜிபிஎஸ்ஸில் இருக்கிற தடத்தை நம்ப வேண்டாம். நீரோட்டம் வெளியே பாயும்போது எதிரே அலை வந்தால் இன்லெட் வாயில் அலை நிமிர்ந்து உடையும். கல்ஃப் ஸ்ட்ரீமிலும் அதே கதை: அது வடக்கு நோக்கி ஓடுகிறது, வடகிழக்குக் காற்று அடித்தால் ஓட்டமும் காற்றும் மோதும். அலையின் உயரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். ஒன்பது விநாடிக்கு ஒன்றாக வரும் நான்கடி அலையில் நிம்மதியாகப் போகலாம். நான்கு விநாடிக்கு ஒன்றாக வரும் மூன்றடி அலை முதுகை ஒடித்துவிடும். டயமண்ட் ஷோல்ஸ் வானிலை மிதவையின் அளவுகளை முந்தின இரவே பார்த்து, போவதா இல்லையா என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். ஐஸ் போட்டு, பிள்ளைகளை ஏற்றி, இன்லெட் வாயில் நிற்கும்போது யாருக்கும் திரும்ப மனசு வராது.

நாற்பது மைல் தூரத்தில் விஎச்எஃப் ரேடியோ கரைக்கு எட்டும் என்று நிச்சயமில்லை. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் இபெர்ப் கருவி ஒன்றை உங்கள் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் திரையைப் புதுப்பிக்கும் முன் இதை வாங்குங்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு 26 அடிக்குக் குறைந்த படகுகளில் 2021 ஏப்ரலிலிருந்து சட்டப்படி கட்டாயம். கட்டாயமில்லாத காலத்திலும் நான் மாட்டித்தான் ஓட்டினேன்.

இன்னொன்று. ஓடும்போது மூழ்கும் படகுகளைவிடக் கட்டிய இடத்தில் மூழ்குபவை பல மடங்கு அதிகம். டெக்கிலிருந்து தண்ணீர் வடியும் பழைய ஸ்கப்பர் ஹோஸ் ஒன்று வெடித்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும், இரவெல்லாம் மழை பெய்திருக்கும். அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் இரண்டு வேண்டும், இரண்டு தனித்தனி பேட்டரியில். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

சூரை பிடிக்க உங்கள் மீன்பிடி உரிமம் மட்டும் போதாது. படகுக்கு மத்திய அரசின் எச்எம்எஸ் (நெடுந்தூரம் இடம்பெயரும் மீன்களுக்கான) அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரை ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, ஒவ்வொன்றும் 27 அங்குலத்துக்குக் குறையாமல். பணம் கட்டினால் அன்றே கிடைத்துவிடும் அனுமதி, மறந்துபோகிறவர்கள் நிறைய.

சர்வே அறிக்கை வந்ததும் டிரான்ஸத்தின் ஈர அளவுகள் இருக்கும் பக்கத்தையும் டேங்கின் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சர்வேயில் குறை வந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்