சர்வரை முதலாளியும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்

பேரேட்டைக் கணக்கப்பிள்ளை எழுதலாம். அதை எடுத்துப் படித்துப் பார்க்கும் அறிவு முதலாளிக்கு இருக்க வேண்டும். வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் நமக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொக்கம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, கிட்டங்கியில் சரக்கு எவ்வளவு என்பதைச் சிப்பந்தி சொல்லக் கேட்டு மட்டும் நாம் கடை நடத்துவதில்லை. ஆயினும், அந்தப் பேரேடு முழுவதும் சர்வர் என்னும் கணினிக்குள் சென்றுவிட்ட இக்காலத்தில், அதனுள் எட்டிப் பார்க்கவும் தெரியாமல், "பையன் கவனித்துக்கொள்வான்" என்று விட்டுவிடுபவர் நம்மிடையே உண்டு.

இது சிறு விஷயமன்று. வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளையும் அவற்றுக்கான ஆதாரச் சீட்டுகளையும் மலேசியாவில் 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் பாதுகாத்து வைக்க வேண்டும். சர்வரிலுள்ள கணக்கு அழிந்துபோனால் அதிகாரிக்குக் காட்டவும் ஏதுமிராது. பாக்கிதாரரிடம் கேட்கவும் ஆதாரமிராது. ஆகவே, சர்வரைக் கவனிப்பதற்குரிய சில கட்டளைகளை இங்கே விளக்கப் புகுகின்றோம்.

யூனிக்ஸ் என்பது என்ன?

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் ஆக்கத் தொடங்கிய இயக்க முறையே யூனிக்ஸ். அதே முறையைத் தழுவி 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் மிகப் பல லினக்ஸிலேயே ஓடுகின்றன. கடையின் மூலையில் வைத்திருக்கும் சிறு சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் அதுவே இருக்கிறது. இவற்றில் படங்களைத் தொட்டு வேலை வாங்குவதைவிட, கட்டளையை எழுத்தால் அடித்து வாங்குவதே வழக்கம்.

கட்டளைகளை நாம் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கின்றோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துக்களிலேயே அடிக்க வேண்டும். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் யூனிக்ஸுக்கு வெவ்வேறானவை.

தூரத்திலுள்ள சர்வருக்குள் நுழையும் வாயில் எஸ்.எஸ்.எச். என்பது. முன்னர் வழங்கிய டெல்நெட் முறையில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றது. வழியில் இருப்பவர் அதைப் படித்துவிடலாம். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் இவ்வாறு திருடப்பட்டதன் பின்னர், 1995இல் டாட்டு யுலோனென் என்பவர் எஸ்.எஸ்.எச். முறையை ஆக்கினார்.

நுழைந்தவுடன் மூன்று கேள்விகள்

உள்ளே சென்றதும் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. நாம் நிற்பது எந்தக் கணினி? "ஹோஸ்ட்நேம்" என்று அடித்தால் பெயர் வரும். எவர் பெயரில் நிற்கின்றோம்? "ஹூஆம்ஐ" என்று சேர்த்து அடித்தால் தெரியும். எந்தக் கோப்புறையில் நிற்கின்றோம்? "பி.டபிள்யூ.டி." என்னும் மூன்றெழுத்து அதைக் காட்டும்.

இம்மூன்றையும் அற்பமென எண்ணலாகாது. கிட்லாப் என்னும் கம்பெனி, நிரல் எழுதுவோரின் வேலைகளைத் தன் சர்வர்களில் வைத்துக் காப்பது. 2017 ஜனவரி 31ஆம் தேதி அங்கே ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, முதன்மைச் சர்வரிலிருந்த தரவுக் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியும், அதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் போய்விட்டது. தினசரிப் பிரதியைத் தேடினால் அது எடுக்கப்படவே இல்லை. பிரதி தவறியதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் போயிருந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு காரியத்துக்காக எடுத்திருந்த பிரதி ஒன்றே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேர வேலை திரும்பவில்லை. நடந்தவற்றை அக்கம்பெனியே ஒளிக்காமல் வெளியிட்டதால் நாமும் பாடம் பெறுகின்றோம்.

பார்க்கும் கட்டளைகள்

கட்டளைகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்வது நலம்: பார்ப்பவை, மாற்றுபவை. பார்ப்பவற்றால் கணக்குக்குக் கெடுதல் நேராது. முதலாளி அவற்றை அச்சமின்றி அடித்துப் பழகலாம்.

முதலாவது, "டி.எஃப்." என்பது. ஓர் இடைவெளி விட்டுச் சிறு கோடும் எச். எழுத்தும் சேர்த்து அடித்தால், டிஸ்கில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை நூற்று வீதத்தில் சொல்லும். இது கிட்டங்கியைத் திறந்து பார்ப்பது போன்றது. 100 ஆகிவிட்டால் புதிய பில்லை எழுத இடமிராது. கணக்கு நிரல் பாதியில் நின்றுவிடும். 80ஐத் தாண்டும்போதே காரணத்தைத் தேட வேண்டும். எந்தக் கோப்புறை இடத்தை அடைத்திருக்கிறது என்பதை "டி.யூ." என்னும் கட்டளை காட்டும்.

இரண்டாவது, "அப்டைம்". சர்வர் எத்தனை நாட்களாக நிற்காமல் ஓடுகிறது என்பதோடு, கடந்த 1, 5, 15 நிமிடங்களின் வேலைப் பளுவையும் மூன்று எண்களில் தரும். நான்கு செயலிகள் உள்ள கணினியில் 4 என்று வந்தால் நான்கு பேருக்கும் வேலை இருக்கிறது என்று பொருள். 12 என்று வந்தால் கவுண்டரில் வாடிக்கையாளர் வரிசையில் காத்து நிற்கின்றனர் எனக் கொள்ளலாம். அந்த வேலையைக் கொடுப்பது எந்த நிரல் என்பதை "டாப்" காட்டும்.

மூன்றாவது, "லாஸ்ட்". உள்ளே வந்தவர் யார், எந்த நேரத்தில், எந்த முகவரியிலிருந்து என்பனவற்றை வரிசையாகக் கூறும். கடை மூடியிருந்த நள்ளிரவில், வேலையை விட்டுச் சென்றவரின் பெயரில் நுழைவு காணப்பட்டால் உடனே விசாரிக்க வேண்டும்.

நான்காவது, லாக் என்னும் நடப்புக் குறிப்புகளைப் படிப்பது. சர்வர் தனக்கு நேர்ந்ததைத் தானே நாளேடு போல் எழுதி வைக்கிறது. "டெயில்" என்று அடித்து ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் கடைசிப் பத்து வரிகளைக் காட்டும். "கிரெப்" என்னும் நான்கெழுத்துக் கட்டளையோ, நாம் கொடுக்கும் சொல் எந்தெந்த வரியில் இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுக்கும்.

மாற்றும் கட்டளைகள்

இனி ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியவற்றுக்கு வருவோம். "ஆர்.எம்." என்பது கோப்பை அழிப்பது. இதற்குக் குப்பைத் தொட்டி கிடையாது, போனது போனதுதான். ஆகையால் ஒரு பெயரை அழிக்கும் முன்னர் அதே பெயரை "எல்.எஸ்." என்னும் கட்டளைக்குக் கொடுத்து, வரும் பட்டியலைக் கண்ணால் படித்துவிட்டே அழிக்க வேண்டும்.

கோப்பை எவர் பார்க்கலாம், எவர் திருத்தலாம் என்பதை வகுப்பது "சிஎச்மோட்". படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, நிரலாக ஓட்டுவதற்கு 1 என்று எண் உண்டு. 640 என்று கொடுத்தால் உடையவர் படிக்கவும் எழுதவும் கூடும், அவர் குழுவினர் படிக்க மட்டும் கூடும், மற்றவர்க்கு ஒன்றுமில்லை. பேரேட்டுக் கோப்புக்கு இது தகுந்த முறை. வேலை நடக்கவில்லை என்று 777 கொடுத்துவிடுவது, கல்லாப்பெட்டியைத் திறந்து தெருவில் வைப்பதற்குச் சமம்.

சர்வரில் ரூட் என்பவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. அனைவரும் அப்பெயரில் நுழைவது தவறு. அவரவர் தம் பெயரில் நுழைந்து, தேவையான ஒரு கட்டளைக்கு மட்டும் "சூடூ" என்பதை முன்னால் சேர்த்து அதிகாரம் பெறலாம். யார் எதைச் செய்தார் என்பது அப்பொழுது குறிப்பில் பதிவாகும். நேர்மையாக உழைக்கும் சிப்பந்திக்கு இதுவே பாதுகாப்பு. பிறர் செய்த பிழை அவர் தலையில் விழாது.

சிப்பந்தி வேலையை விட்டு நீங்கினால் கடவுச்சொல்லைப் பூட்டுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அது போதாது. எஸ்.எஸ்.எச். நுழைவுக்குச் சாவிக் கோப்பு என்று வேறொரு வழியும் உண்டு. கடவுச்சொல் பூட்டியிருந்தாலும் அச்சாவி வேலை செய்யும். "யூசர்மோட்" கட்டளையால் அவர் கணக்கின் தவணை முடிந்ததாகக் குறிப்பதோடு, அவருடைய சாவி வரியையும் நீக்கிவிட வேண்டும்.

பிரதியும் சோதனையும்

எல்லாவற்றிலும் தலையாயது கணக்கின் பிரதி. "ஆர்சிங்க்" என்னும் கட்டளை 1996இல் வெளிவந்தது. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி, மற்றோரிடத்தில் பிரதியைப் புதுப்பிப்பது இதன் சிறப்பு. அதே கணினியில் வைத்த பிரதி பிரதியாகாது. தீயோ வெள்ளமோ திருடனோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகலாம். அன்றியும், டெலீட் என்னும் விருப்பைச் சேர்த்தால், மூலத்தில் தவறி அழிந்தது பிரதியிலும் அழியும். ஆதலால் ஒரே பிரதியை நம்பாமல், நாள்வாரியாகச் சிலவற்றை வைத்திருப்பது அவசியம்.

பிரதியை இரவில் தானே எடுக்கும்படி செய்வது "கிரான்டாப்". நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்களை நிரப்ப வேண்டும். இரவு 2 மணிக்கு என்றால் 0, 2, பின்னர் மூன்று நட்சத்திரக் குறிகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாடகைச் சர்வர்கள் பல, உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்கு 8 மணி முற்பட்டவை. ஆகவே அங்கே இரவு 2 என்று குறித்தது, இங்கே காலை 10 மணிக்குக் கடையில் கூட்டம் நிற்கும்போது நடக்கும். "டேட்" என்று அடித்து, சர்வரின் நேரத்தை அறிந்த பிறகே குறிக்க வேண்டும்.

பிரதி எடுத்துவிட்டோம் என்பது பாதி வேலைதான். 1998இல் பிக்சார் கம்பெனியில் டாய் ஸ்டோரி 2 திரைப்படத்தின் கோப்புகள் அழிக்கும் கட்டளையொன்றால் மறையத் தொடங்கின. காப்புப் பிரதி ஒழுங்காக இல்லை என்பது அதை நாடியபோதுதான் தெரிந்தது. பிள்ளை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் தப்பிற்று.

அத்தகைய அதிர்ஷ்டத்தை நம்பி நாம் கடை நடத்த இயலாது. மாதம் ஒரு நாள், பிரதியிலிருந்து பழைய பில் ஒன்றையும் பேரேட்டில் ஒரு பக்கத்தையும் வேறு கணினியில் மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொகை ஒத்திருந்தால் தேதியிட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒத்திராவிட்டால், கணக்கு அழியும் முன்னரே பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழலாம்.

தினமும் காலையில் கடை திறந்ததும் கணக்கப்பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு டி.எஃப்., அப்டைம், லாஸ்ட் ஆகிய மூன்றையும் முதலாளியே அடித்துப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் போதும். முதல் வாரத்தில் ஒன்றும் விளங்காதது போல் தோன்றும். ஒரு மாதம் சென்றபின், வழக்கமான எண் எது, வழக்கத்துக்கு மாறான எண் எது என்பது கண்ணுக்குத் தானே தெரியவரும். மாற்றும் கட்டளைகளைத் தேர்ந்தவரிடமே விடலாம். பார்க்கும் உரிமையை மட்டும் நம் சகோதர வியாபாரிகள் எவரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.