வானத்துக் கணக்கும் வாசல் டின்னும்



நம்ம ஊவாவில் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன் பக்கம் நனைந்து கிடக்கும்; பதுளையில் காய்ந்த காத்துதான் அடிக்கும். நமக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அதிலும் ஒரு மலையில் கொட்டும், அடுத்த மலையில் தூறலோடு நின்றுவிடும். அதனால் "நம்ம டிவிசனில் எவ்வளவு பெய்தது?" என்பதற்கு ரேடியோவில் சொல்லும் பதுளைக் கணக்கு மட்டும் போதாது.

இதை அறிய, அமெரிக்காவின் நாசா நிறுவனம் வைத்திருக்கும் 'ஜியோவன்னி' என்ற கணினிக் கருவியை நாங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். காசு கிடையாது, பெயரைப் பதிந்தால் போதும். வரைபடத்தில் நம்ம பகுதியைக் குறித்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கொடுத்தால், பெய்த மழையை மில்லிமீற்றரில் காட்டும். 2014 பெப்ரவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய ஜீ.பி.எம். செய்மதியும் வேறு பல செய்மதிகளும் மேலிருந்து பார்த்துத் தரும் கணக்கு அது.

எந்த வருஷம் மழை கூட, எந்த மாதம் குறைவு என்று பார்க்க இது நல்ல கருவி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவசியம் பழக வேண்டும். ஆனால் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்:

1. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 11 கிலோமீற்றர் அகலம். பல மலையும் பள்ளமும் அதற்குள் அடங்கும். அது காட்டுவது முழுக் கட்டத்துக்குமான சராசரி.

2. அதன் ஒரு நாள் நம்ம நேரப்படி காலை 5.30க்குத் தொடங்குகிறது. இலங்கையில் மழை அளப்பது காலை 8.30க்கு. அதனால் இரண்டு கணக்கும் அப்படியே ஒத்துப் போகாது.

3. அவசரக் கணக்கு வரவே சுமார் 4 மணி நேரம் ஆகும். சரிபார்த்த கணக்கு வர மாதக்கணக்காகும்.

மண்சரிவு அவ்வளவு நேரம் காத்திருக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் மண்சரிவில் பெரும் பாடுபட்டது.

ஆகவே ராத்திரி மழைக்கு நம்ம கையில் ஒரு அளவு வேண்டும். மேலும் கீழும் ஒரே அகலமாக, அடி தட்டையாக, ஒரு அடி உயரமுள்ள டின் ஒன்று எடுங்கள். கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, சாயாமல் வையுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே விட்டு அளவுங்கள். 1 சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 10 மில்லிமீற்றர் மழை. தினமும் காலை 8.30க்கு அளந்து, கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நாம் மலைக்குப் போயிருந்தால் வீட்டிலுள்ள பெரியவர்கள் செய்யலாம். பெருமழை நேரத்தில் இடையிலும் பாருங்கள்; ஆனால் கொட்ட வேண்டாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவு இதுதான். 24 மணி நேரத்தில்:

75 மில்லிமீற்றர் – விழிப்பாக இருங்கள்.
100 மில்லிமீற்றர் – வெளியேறத் தயாராகுங்கள்.
150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 – உடனே வெளியேறுங்கள்.

நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அரசாங்க எச்சரிக்கை வந்தாலும், டின்னில் தண்ணீர் குறைவென்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் கூட்டிப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நடந்த மழையைப் படிக்க செய்மதி. இன்றைக்கு ராத்திரிக்கு வாசல் டின். லயத்துக்கு ஒரு டின், ஒரு கொப்பி. இந்த வாரமே தொடங்குவோம்.