சிங்கம் கேட்காமல் விட்ட கேள்வி

(ஜுமுஆ உரை, உளுந்தூர்பேட்டை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எறும்பு, தேனீ, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் குர்ஆனில் சூராக்களே இருக்கின்றன. கொல்லப்பட்ட சகோதரனின் உடலை எப்படி அடக்குவது என்பதை ஆதம் (அலை) அவர்களின் மகனுக்கு ஒரு காகத்தைக் கொண்டே அல்லாஹ் காட்டினான். ஆக, உயிரினங்களைப் பார்த்துப் படிப்பினை பெறுவது நமக்குப் புதிதல்ல.

குர்ஆன் சொல்வது உண்மைச் செய்தி. இன்று நான் சொல்லப்போவது கற்பனைக் கதை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கதைக்குள் நம் வீட்டுப் பிரச்சினை ஒன்று இருக்கிறது.

கதை வந்த வழி

பஞ்சதந்திரக் கதைகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1826ல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து அதைத் தமிழ் உரைநடையாக்கினார். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த நூல் நம் நாட்டை விட்டுப் பயணம் புறப்பட்டுவிட்டது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் நூஷிர்வானின் காலத்தில் புர்ஸோய் என்ற மருத்துவர் அதைச் சமஸ்கிருதத்திலிருந்து பஹ்லவி மொழிக்குக் கொண்டு சென்றார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதை அரபியில் எழுதினார். அதுதான் 'கலீலா வ திம்னா'. அரபி உரைநடையின் முன்மாதிரி நூல்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுவது. கலீலாவும் திம்னாவும் இரண்டு நரிகள்.

இரண்டு பக்கமும் ஒரு நாக்கு

ஒரு வியாபாரியின் வண்டி மாடு சேற்றில் சிக்கிக்கொள்கிறது. கரும்பு வண்டி ஓடும் நம் பக்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை. அவர் அதை விட்டுவிட்டுப் போகிறார். மாடு பிழைத்து, காட்டில் மேய்ந்து கொழுக்கிறது. காட்டின் ராஜாவான சிங்கம் அதோடு உயிருக்குயிரான நட்பு கொள்கிறது. தன் செல்வாக்கு போய்விட்டதே என்று திம்னாவுக்குப் பொறாமை.

திம்னா சிங்கத்திடம் போய், "மாடு உங்கள் ஆட்சியைப் பறிக்கத் திட்டமிடுகிறது. அது வரும்போது பாருங்கள், உடல் நடுங்கும், கொம்பை ஆட்டும்" என்கிறது. பிறகு மாட்டிடம் போய், "சிங்கம் உன்னைத் தின்னப் போகிறது. அது நிமிர்ந்து உட்கார்ந்து உன்னையே முறைத்தால் புரிந்துகொள்" என்கிறது.

இரண்டும் சந்திக்கின்றன. பயத்தில் மாடு நடுங்குகிறது. சந்தேகத்தில் சிங்கம் நிமிர்கிறது. "திம்னா சொன்னது சரிதான்" என்று இரண்டுமே நினைக்கின்றன. சிங்கம் மாட்டைக் கொன்றுவிடுகிறது.

சகோதரர்களே! கோள் என்ற 'நமீமா' இப்படித்தான் வேலை செய்கிறது. சொல்லும்போது அது பொய். கேட்டவர் அதை நம்பி நடந்துகொள்ளும் விதமே அந்தப் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது. அவர் கல்யாணத்தில் சலாம் சொல்லவில்லை, இவர் போனை எடுக்கவில்லை. முடிந்தது, பத்து வருடப் பகை.

சிங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "நண்பா, இப்படி ஒரு பேச்சு வந்தது, உண்மையா?"

ஹுத்ஹுதும் சுலைமான் நபியும்

இப்போது சூரத்துன் நம்லைப் பாருங்கள். ஹுத்ஹுத் பறவை சபா நாட்டிலிருந்து செய்தி கொண்டு வருகிறது. கேட்பவர் சுலைமான் (அலை). படையும் பலமும் கையில் இருக்கின்றன. ஆனாலும் உடனே படையை அனுப்பவில்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்ற கருத்தில் பதில் சொல்லி, ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். செய்தி உண்மையாகவே இருந்தது. அப்படியும் விசாரித்தார்கள். கெட்டவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தும் எச்சரிக்கிறது.

இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவரைப் பற்றி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நானும் ஓர் ஆலிம்தான், இந்த ஆயத்தை ஓதிக் கொடுப்பவன்தான். ஆனால் அவரிடம் கேட்காமலேயே மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்தேன். பிறகுதான் அது பாதி வெட்டப்பட்ட பேச்சு என்று தெரிந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். ஆனால் அந்த மாதங்கள் திரும்பி வராது.

திம்னா மீது விசாரணை

பஞ்சதந்திரத்தில் அந்த நரி தப்பித்துவிடுகிறது, மந்திரியாகவே நீடிக்கிறது. அரபியில் மட்டும் 'திம்னா மீதான விசாரணை' என்று தனி அத்தியாயம் உண்டு. இப்னுல் முகஃப்பஃ தாமே சேர்த்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. திம்னா செய்ததை அறிந்து இரவில் கலீலா அதைக் கண்டிக்கிறது. ஒரு சிறுத்தை அதை ஒட்டுக் கேட்கிறது. விஷயம் சிங்கத்தின் தாய்க்குப் போகிறது. திம்னா சிறையில் அடைக்கப்படுகிறது. விசாரணையில் அழகாக வாதாடுகிறது. கடைசியில் சிறையிலிருந்த மற்றொரு மிருகமும் சாட்சி சொல்ல, இரண்டு சாட்சிகள் சேர்ந்த பிறகே தண்டனை.

அநியாயக்காரனுக்குக்கூட விசாரணை உண்டு, சாட்சி வேண்டும் என்று கதை சொல்கிறது. நாமோ, நம் சொந்த அண்ணன் தம்பிக்கு அந்த விசாரணையைத் தருவதில்லை!

கலீலாவையும் கவனியுங்கள். அது நல்ல நரிதான். தனிமையில் கண்டித்தது, ஆனால் சிங்கத்திடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் கவலையிலேயே செத்துப்போனது. நம்மில் பலர் திம்னா அல்ல, கலீலா. உண்மை தெரியும், "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிடுவோம்.

நாம் செய்ய வேண்டியது

கோள் சொல்பவன் சொர்க்கம் நுழைய மாட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்து முஸ்லிமில் உள்ளது. பகைத்தவர்களைச் சேர்த்து வைப்பதோ நஃபிலான நோன்பு, தொழுகை, தர்மத்தை விடச் சிறந்தது என்று அபூதாவூத், திர்மிதியில் வருகிறது.

எனவே யாரைப் பற்றியாவது செய்தி வந்தால், அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடமே நேரில் கேளுங்கள். உண்மை தெரிந்திருந்தால் மறைக்காமல், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இன்று தொழுகை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போது, பேசாமல் இருக்கும் சகோதரர் ஒருவரை நீங்கள் பார்க்கலாம். சிங்கம் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளையும் காதுகளையும் பாதுகாத்து, பிரிந்த உள்ளங்களைச் சேர்த்து வைக்கத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.