மான் தொல்லைக்குக் கட்டணப் பயிற்சியா? சேரும் முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி மழைக்கு விதைத்த உளுந்தும் குதிரைவாலியும் தலையெடுக்கும் நேரத்தில்தான் திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் புஞ்சைகளில் புள்ளிமான் இறங்கும். பகலெல்லாம் கண்மாய்க்குள்ளும் ஓடையோரத்திலும் சீமைக்கருவேலத்துக்குள் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டியதும் வெள்ளாமைக்கு வந்துவிடும். இந்த நேரம் பார்த்து 'மான் மேலாண்மைப் பயிற்சி, கட்டணம் இவ்வளவு' என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் இவற்றை ஒருமுறை பாருங்கள்.

1. எதற்காகச் சேருகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளாமையைக் காக்கவா, வனத்துறை வேலைக்கா, மான் வளர்த்துச் சம்பாதிக்கவா? பயிற்சி உதவக்கூடியது முதல் தேவைக்கு மட்டும்தான். அதிலும் பெரும்பகுதியைக் காசில்லாமலே கற்றுக்கொள்ளலாம்.

2. 'மான் பண்ணை வைக்கலாம், குட்டி தருகிறோம், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைப் பிடிப்பது, விற்பது, இறைச்சி வைத்திருப்பது எல்லாமே குற்றம். காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்பைக்கூட வீட்டுச் சுவரில் மாட்டக் கூடாது. வளர்க்கத் தடையில்லாத ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்களை நம்பியே 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். மானுக்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது.

3. பாடத்திட்டம் எந்த நாட்டுக்கு எழுதப்பட்டது என்று கேளுங்கள். பிரிட்டனில் மான் மேலாண்மை என்றால் பெரும்பாலும் துப்பாக்கியால் சுட்டு எண்ணிக்கையைக் குறைப்பது. அங்கே அதற்கென்று முறையான சான்றிதழ் தேர்வுகள் இருக்கின்றன, அந்த ஊர்க்காரருக்கு அவை பயன்படும். அதே பாடத்தை இணையவழியில் வாங்கினால் நம் புஞ்சையில் செய்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

4. சான்றிதழ் என்பது அனுமதி ஆகாது. பயிரைத் தின்றாலும் மானைப் பிடிக்கவோ சுடவோ நமக்கு உரிமை கிடையாது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் தந்த அலுவலரோ எழுத்தில் ஆணை தந்தால்தான் உண்டு. 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று தமிழக அரசு முடிவெடுத்தது. அது காட்டுப்பன்றிக்கு மட்டும். சுடுவதும் வனத்துறைதான். இதைக் காட்டி 'இனி மானையும் சுடலாம்' என்று பேசுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

5. நடத்துகிறவருக்கு வயல் பழக்கம் உண்டா என்று சோதிக்க ஒரு கேள்வி போதும்: "கடித்தது மானா, முயலா, பன்றியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. அதனால் நுனி பிய்ந்து, நார்நாராகத் தெரியும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். பன்றி என்றால் மண் கிளறிக் கிடக்கும், கடலைச் செடி வேரோடு சாய்ந்திருக்கும். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறவர் வேறு எதைச் சொல்லித்தரப் போகிறார்?

6. பாடத்தில் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சேர்வதைப் பற்றி யோசிக்கலாம்.
அ) வேலி: மானுக்கு 6, 7 அடி உயரமாவது வேண்டும். அடிக்கம்பி மண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும். தாண்டுவதைவிட இடுக்கில் நுழைவதையே மான் விரும்பும்.
ஆ) உயிர்வேலி: பொழியில் கிளுவைப் போத்து நடுவது, இடையில் கற்றாழை வைப்பது, அவை அடர்வதற்குள் முள் அடைத்துச் சமாளிப்பது.
இ) மிரட்டல்: பழைய சேலை, மின்னும் நாடா, விளக்கு, மீன் அமிலம் போன்ற வாடைக் கரைசல் எல்லாம் சில நாளைக்குத்தான். ஒன்றையே வைத்திருந்தால் மான் பழகிவிடும். இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
ஈ) செய்யக் கூடாதவை: பழைய மீன்வலையைக் கட்டினால் கொம்பு சிக்கி மான் செத்துப்போகலாம். வழக்கு நில உரிமையாளர் மேல் வரும்.
உ) மீட்பு: கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் மான் விழுந்தால் கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும். விரட்டிப் பிடித்தால் அந்தப் பயத்திலும் களைப்பிலுமே மான் இறந்துவிடக்கூடும்.

7. வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுக்கச் சொல்லித்தரும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துக் காட்டுக்காரரின் உயிரே போய்விடும். விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலி வேறு. காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் அதற்கும் 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு வேண்டும். இந்த விதிகளைப் பற்றி வாய் திறக்காத பயிற்சி அரைகுறைப் பயிற்சி.

8. காசு கட்டும் முன் பக்கத்தில் விசாரியுங்கள். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், அதே இடத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. திருச்சுழி வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் அட்மா திட்டப் பயிற்சிகளைக் கேட்கலாம். ஊரில் பத்து இருபது பேர் கையெழுத்துப் போட்டு 'விலங்குகளிடமிருந்து பயிர் காப்பது பற்றி வகுப்பு வேண்டும்' என்று மனு கொடுங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம். தொலைபேசியில் கேட்க உழவர் அழைப்பு மையம்: 1800-180-1551.

9. கணக்குப் போடுங்கள். கட்டணம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கூலி இழப்பு, பஸ், சாப்பாடு சேர்த்தால் 6,000 வந்துவிடும். அந்தப் பணத்தில் எத்தனை கட்டு கம்பி, எத்தனை கிளுவைப் போத்து வாங்கலாம்? போன வருடம் மான் தின்றது எத்தனை மூட்டை? இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டாது. கிணற்றுப் பாசனத்தில் காய்கறியோ பழத்தோட்டமோ போட்டு, பெரிய செலவில் வேலி அமைக்கப் போகிறவருக்குக் கட்டலாம்.

10. வேலைக்காகச் சேரும் பிள்ளைகளுக்கு: வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்களை 2024 முதல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வோடு சேர்த்து நிரப்புகிறது. பயிற்சியை வேலையில் சேர்ந்தபின் அரசே தரும். வைகை அணையில் அதற்கென்றே பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. தனியார் சான்றிதழ் வாங்கும் பணத்தில் குரூப் 4 புத்தகம் வாங்கிப் படிப்பது மேல்.

11. இழப்பீடு கேட்பது எப்படி என்று சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். வனவிலங்குச் சேதமும் 2026 கரீப் பருவம் முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் கூடுதல் பாதுகாப்பாகச் சேரும் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். நம் வட்டாரம் சேர்ந்திருக்கிறதா என்பதைக் காப்பீடு கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

12. இத்தனையும் பார்த்தபின் சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால் ஊருக்கு ஒருவராகப் போங்கள், கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காட்டை மட்டும் அடைத்தால் மான் அடுத்த காட்டுக்குப் போகும். ஆகவே போய் வந்தவர் அடுத்தடுத்த நிலத்துக்காரர்களைக் கூட்டிச் சொன்னால்தான் பலன். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பெயர், முகவரியோடு ரசீது வாங்குங்கள். வகுப்பு நடக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.